குட்டி விமானத்துக்கு வைத்த பொட்டு

போன ஞாயிறு முழுக்க என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இதை எழுதும்போதும் மேசைக்கடியில் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது.

என் மனைவியின் தம்பி சிவா, நமுனுகுல தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். இப்போது விமானி. இரண்டே சீட் உள்ள ஒரு புதிய குட்டி விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டுப் பார்க்கும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. பண்டாரவளைக்கு அப்பால் ஒரு புல்தரை ஓடுபாதை. அது முடியும் இடத்தில் தேயிலைப் பள்ளம்.

புது வண்டி என்றால் நாம் சும்மா விடுவோமா? பதுளையில் என் கடை லொறிக்குச் செய்ததையெல்லாம் இதற்கும் செய்தேன். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம்கூட வைத்தாயிற்று. பெற்றோல் இருப்பதால் கற்பூரம் மட்டும் வேண்டாம் என்றான் சிவா. சரி, அந்தக் குறையைச் சந்தனத்தில் தீர்த்துவிடலாம்!

அவன் எல்லாவற்றையும் சோதித்து முடித்திருந்தான். இறக்கைக்கடியில் சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது... பொட்டு வைக்க வாகான இடம். நுனியில் தாராளமாக அப்பினேன்.

விமானம் ஓடியது – எழும்பியது. கைதட்டினோம். அப்போதுதான் எங்களோடு நின்ற விமான எஞ்சினியரின் கையிலிருந்த வோக்கி டோக்கியில் சிவாவின் குரல் வந்தது.

"வேக முள்ளு பாதியிலேயே நின்னுருச்சு. நிறுத்த எடம் இல்ல, ஏறிட்டேன்."

வேகம் தெரியாமல் எப்படி இறங்குவான்? குறைந்தால் விழுவான், கூடினால் பள்ளம். இறக்கைக்கடியில் உள்ள குழாய்க்குள் காற்றுப் போனால்தான் முள் அசையுமாம். எஞ்சினியர் முணுமுணுத்தார்.

என் விரலில் சந்தனம் இன்னும் காயவில்லை.

உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன். பக்கத்தில் மனைவி கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு எஞ்சினியரின் காதில் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, முள்ளை நம்பாதே, எஞ்சின் சத்தத்தை வைத்தே இறங்கு என்று சிவாவுக்குச் சொன்னார்.

காவலுக்குச் சாமியைக் கூப்பிடும் அவசரத்தில், வண்டி மூச்சுவிடும் வழியையே அடைத்துவிடுகிறோமே... நாம் என்ன ஜென்மம்?

இரண்டு தடவை வந்து, இறங்காமலே மேலே போனான். மூன்றாவது தடவை சக்கரம் புல்லைத் தொட்டது. பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. நான் அழுதுவிட்டேன்.

சிவா இறங்கிவந்து குழாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என்ன நடந்தது என்று அக்கா அவன் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. குழாய்க்குள்ள ஒரு பூச்சி போயி அடைச்சிருச்சு."

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பூச்சியைக் கரித்துக்கொட்டுகிறாள். பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியையும் ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவள் அவள்.

தாயே... அந்தப் பூச்சி நான்தான்.