தேவகி அக்காவும் ஒரு சாய்கோடும்

மெர்லிமாவில் ஒரு பள்ளிக் கணினியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. "தேவகி தவறிட்டாங்க தம்பி" என்றார் முதலாளி. நோய் முற்றியது தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் அது அடங்கவில்லை.

அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், அக்கா ஓர் இடத்தில் உட்காரமாட்டார். மலாக்காவில் கடைவீட்டு மாடியில் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்தில் நின்றுகொண்டே தட்டச்சு செய்வார், மோட்டார் சைக்கிள் சாவியைக் குலுக்கிக்கொண்டே யோசிப்பார். "அனுப்பிட்டேன்னு சொல்லாத. போய்ச் சேந்துச்சா, அத சொல்லு" என்பது அவர் ஓயாமல் சொன்னது.

ஒரு தொழிற்கல்லூரிக்காக இணையத்தில் விண்ணப்பப் படிவம் செய்து கொடுத்தோம். அப்போது அது புதுசு. பெயர், அடையாள அட்டை எண் என்று பெட்டிகளை நிரப்பி, மலாயில் 'ஹந்தார்' என்றிருந்த அனுப்பும் பொத்தானை அழுத்தினால் எல்லாம் சர்வருக்கு வந்துவிடும். திரையில் நன்றி வரும். சர்வரில் அதை வாங்கும் நிரலை எழுதியவன் நான். கடைசி நாள் மத்தியானம் பட்டியலைப் பார்த்த அக்கா மேசையில் தட்டினார். "என்னா தம்பி இது, நம்ம ஆளுங்க ஒருத்தரும் இல்லையே? பெம்பான்லேருந்து வந்த பிள்ளைங்க இதே கம்ப்யூட்டர்ல உக்காந்துதான லா அனுப்பிச்சாங்க!"

நிரலைத் திறந்து பார்த்தேன். வந்த விவரங்களை ஒரே வரியாகச் சேர்த்து, சாய்கோடு போட்டுப் பிரிக்கும்படி எழுதியிருந்தேன். லெட்சுமி ஏ/பி மணியம் என்றால் மணியத்தின் மகள் லெட்சுமி. இங்கே நம் எல்லார் பெயரிலும் அந்தக் கோடு உண்டு. என் நிரல் அங்கேயே வெட்டியது. அடையாள எண் இருக்க வேண்டிய இடத்தில் 'பி மணியம்' வந்து நிற்க, விண்ணப்பத்தையே தள்ளிவிட்டது. நன்றி மட்டும் தவறாமல் சொன்னது. சோதித்தபோது நான் போட்டதெல்லாம் அலி பின் அகமட் என்ற கோடில்லாத மலாய்ப் பெயர்தான். என் பெயரிலேயே மகன் என்று குறிக்கும் ஏ/எல் இருக்கிறது, எனக்குத் தோன்றவில்லை.

"சாய்கோடு போடாதீங்கன்னு ஒரு குறிப்பு வச்சிரலாம்கா" என்றேன்.

"ஏன், அப்பாவ வாசல்ல விட்டுட்டுத்தான் உள்ள வரணுமா? அனுப்பிட்டுப் போன பிள்ளைங்க என்னா ஆகும்?"

ஐந்து மணிக்குப் பட்டியல் கல்லூரிக்குப் போக வேண்டும். விவரங்களை இணைய முகவரியின் வாலிலேயே ஒட்டி அனுப்பும் சுலபமான வழியை நான் எடுத்திருந்ததால், வந்த முகவரிகள் எல்லாம் சர்வரின் பதிவில் அப்படியே கிடந்தன. "உன் சோம்பேறித்தனத்துக்கு ஒரு கும்பிடு" என்றார் அக்கா. சாய்கோடு அங்கே %2F என்று மாறுவேடத்தில் இருந்தது. அவர் நின்றபடி வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். கடைசிப் பெயர் ஏறியபோது ஐந்தாக நாலு நிமிடம். "லெட்சுமி வந்துட்டா" என்று நாற்காலியில் விழுந்தார். அந்த அலுவலகத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

திரையில் வரும் நன்றியை நம்பாத குணம் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. எந்தப் படிவம் செய்தாலும் முதல் சோதனைக்கு 'தேவகி ஏ/பி சின்னசாமி' என்றுதான் அடிப்பேன். நேற்றும் அடித்தேன். நன்றி வந்தது. நம்பாமல் சர்வரைத் திறந்தேன். அப்பா பெயரோடு முழுதாக வந்து சேர்ந்திருந்தார்.

சோதனை வரியை உடனே அழித்துவிடுவது வழக்கம். அழிக்கும் பொத்தானில் இரண்டு முறை விரலை வைத்தேன். முடியவில்லை, அக்கா.