பிரின்சுக்கு இங்கிலீஷ்தான் தெரியும்

என் மகளுக்கு நாய் வேண்டுமாம். ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு. நோட்டில் பட்டியல் போட்டு ஒவ்வொரு ஜாதிக்கும் மதிப்பெண் கொடுத்து வைத்திருக்கிறாள். லாப்ரடார் சாது, பீகிள் துறுதுறு, பக் பார்க்கவே பாவமாக இருக்கும், ஹஸ்கி நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது. நேற்று ஐந்தாவதாக டால்மேஷன் என்று எழுதி, பக்கத்தில் 'புள்ளி அழகு' என்று குறிப்பும் போட்டிருந்தாள். புள்ளி அழகுதான், மறுக்கவில்லை. உலகத்திலுள்ள நாய் ஜாதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். என்னைக் கத்தவைத்து, அழவைத்து, தொண்டை கட்டவைத்தது எது என்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் எங்கள் வீடு. நைனா விசைப்படகில் டிரைவர். படகை ஓட்டுவதும் அவர்தான், இன்ஜினைக் கட்டி மேய்ப்பதும் அவர்தான். கடலுக்குப் போனால் திரும்ப எட்டு நாள், பத்து நாள் ஆகும். அம்மா துறைமுகத்தில் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்பாள். தெருவில் நாய்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஜாதி நாய் என்று பார்த்தால் எதிர் வீட்டு அத்தையின் பொமரேனியன் ஒன்றுதான். அது மாடியிலிருந்து எங்களைப் பார்த்துக் குரைக்கும் விதமே தெருவை விலைக்கு வாங்கிவிட்டது போல இருக்கும்.

இதைப் பொறுக்க முடியாதவர் என் மாமா. அம்மாவின் தம்பி. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் ஒரு கட்டைப்பை. பைக்குள்ளிருந்து வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட குட்டி ஒன்று தலையை நீட்டியது. டால்மேஷன், ஒரிஜினல் இங்கிலீஷ் ஜாதி என்று மாமா அறிவித்தார். அம்மா அதை உற்றுப் பார்த்துவிட்டு, மேலே யாராவது மையைக் கொட்டிவிட்டார்களா என்று கேட்டாள். பிரின்ஸ் என்ற பெயரையும் மாமாவே வைத்தார். அந்தப் பெயரில் அவனை எத்தனை ஆயிரம் தடவை கூப்பிடப் போகிறேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முதல் இரண்டு வாரத்திலேயே சிக்கல் தெரிந்துவிட்டது. கூப்பிட்டால் வரமாட்டான். அம்மா மொட்டைமாடியில் காயவைத்த கருவாட்டைத் தின்றுகொண்டிருக்கும்போது ஆளாளுக்கு அதட்டினோம். கருவாடு தீர்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். அம்மா அதைத் திமிர் என்றாள். மாமா வேறு விளக்கம் வைத்திருந்தார்.

"அதுக்குத் தமிழ் தெரியாதுக்கா. பாப்பா இங்கிலீஷ் மீடியம்தான படிக்குது? அது சொல்லிக்குட்த்தா ஒரு வாரத்துல புட்ச்சுக்கும்."

அந்த வருஷம் காலாண்டுப் பரீட்சையில் நான் இங்கிலீஷில் எடுத்த மதிப்பெண்ணை மாமாவிடம் யாரும் சொல்லவில்லை. அப்படியாக, பிரின்சுக்கு டீச்சராக நான் நியமிக்கப்பட்டேன்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடியில் வகுப்பு. 'கம்', 'சிட்', 'ஸ்டே' மூன்றும்தான் பாடம். பாதி பாக்கெட் பொறை பிஸ்கட்டுடன் ஆரம்பிப்பேன். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்தில் துறைமுகத்து கிரேன்களைப் பார்த்தபடி நிற்பான். நான் 'கம்' என்பேன். நிற்பான். 'கம், பிரின்ஸ்' என்று கத்துவேன். நிற்பான். மூன்றில் 'ஸ்டே' மட்டும் அவனுக்கு அற்புதமாக வந்தது. சில சமயம் நான் பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டினால் சட்டென்று உட்காருவான். ஆஹா, புரிந்துவிட்டது என்று கீழே ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவருவேன். அம்மா முன்னால் எத்தனை தடவை 'சிட்' சொன்னாலும் கொட்டாவி விடுவான். எதிர் வீட்டு அத்தை துணி காயப்போடும் சாக்கில் நின்று சிரிப்பாள். அவளுடைய பொமரேனியன் என் 'சிட்'டைக் கேட்டு உட்காரப் பழகிவிட்டது. அந்த அவமானத்தைச் சொல்லி மாளாது.

தீபாவளிக்கு மட்டும் எங்கள் மானம் கொஞ்சம் மீண்டது. தெருமுனையில் பத்தாயிரம் வாலாவைப் பற்றவைத்ததும் தெரு நாய்கள் அத்தனையும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின. பொமரேனியன் கட்டிலுக்கடியில் போனது மறுநாள் மத்தியானம்தான் வெளியே வந்ததாம். பிரின்ஸ் மட்டும் நடுத்தெருவில் படுத்து, பொறி பறப்பதைத் தலையைச் சாய்த்து ரசித்துக்கொண்டிருந்தான். ஜாதி நாயின் தைரியத்தைப் பார்த்தீர்களா என்று மாமா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நானும் பின்னாலேயே போனேன்.

எனக்கு உண்மையில் எரிச்சல் மூட்டியது வேறொன்று. பாடம் நடத்துவது நான், பிஸ்கட் போடுவது நான், தொண்டை கட்டி சுக்குக் கஷாயம் குடிப்பது நான். பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் நைனாவிடம் மட்டும் அவன் ஒழுங்காக நடந்துகொண்டான். நைனா கூப்பிடவே மாட்டார். குதிகாலால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருப்பவன் எழுந்து வந்துவிடுவான். கையைக் கீழே இறக்கினால் உட்காருவான். எப்படி என்று கேட்டேன். கத்தக் கூடாது, அவன் பார்க்கிற இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். என் குரலைக் குறை சொல்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. ஊரிலேயே பெரிய குரல் அவருடையது. அவர் வாசலில் நின்று பேசினால் அடுத்த தெருவுக்குச் சேதி போய்விடும்.

கோடை வந்தது. மீன்பிடித் தடைக்காலம், படகுகள் எல்லாம் கரையில். நைனா பகலில் இன்ஜின் வேலை பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு முன் மெயின் ரோட்டு டீக்கடையில் நிற்பார். அந்த ரோட்டில்தான் துறைமுகத்துக்குள் போகிற டிரெய்லர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். எதிர்ப்பக்கம் ஓடுகிற லாரிகளால் ரோடு எந்நேரமும் அதிர்ந்துகொண்டே இருக்கும். டிரைவர்கள் உள்ளேயே தூங்குவார்கள். வெயிலுக்குத் தெரு நாய்கள் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வரிசை நகரும்போது இன்ஜின் சத்தம் கேட்டு எழுந்து வந்துவிடும்.

தடை முடிய நாலு நாள் இருந்தபோது, சாப்பிடக் கூப்பிட்டுவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். பிரின்சும் கூட வந்தான். கயிற்றை அவன் கடித்துத் துண்டாக்கி ஒரு வாரமாகியிருந்தது. நான் டீக்கடைக்குப் போய் நைனாவிடம் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு டிரெய்லருக்கு அடியில் புகுந்து, பின் சக்கரத்துக்கு முன்னால் நீட்டி நிமிர்ந்து படுத்துத் தூங்கிவிட்டான்.

வரிசை நகர ஆரம்பித்தது. முன்னால் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தெரு நாய்கள் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தன. பிரின்ஸ் வரவில்லை. நான் குனிந்து 'கம்' என்றேன். லாரி உறுமியது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் தீர்ந்து தமிழில் கத்தினேன், அழுதுகொண்டே கத்தினேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து டிரைவர் ஹாரன் அடித்தார். காது கிழிகிற மாதிரி ஹாரன். அவன் வால்கூட அசையவில்லை. சக்கரம் மெல்ல உருண்டது.

நைனா டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடிவந்ததைப் பார்த்தேன். லாரிக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். லாரி குலுங்கி நின்றது. பின் சக்கரத்துப் பக்கம் ஓடிப்போய்த் தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டு, பின்னங்காலைப் பிடித்து இழுத்தார். தூக்கம் கலைந்த பிரின்ஸ் அவர் முகத்தை நக்கினான். அவனை மடியில் வைத்துக்கொண்டு நைனா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இடது பக்கமாக ஒரு தண்ணீர் லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவர் திரும்பவே இல்லை. டீக்கடைக்காரர் ஓடிவந்து தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

டிரெய்லர் டிரைவர் இறங்கி வந்து, அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"இந்நேரம் சட்னி ஆயிருக்கும். அதுக்குக் காது இன்னா செவுடாம்மா?"

நான் அழுகையை நிறுத்திவிட்டு பிரின்சைப் பார்த்தேன். ஏழு மாதத்தில் ஒருநாள்கூட எனக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மாமாவும் நானும் அவனைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் அவனுக்குப் பின்னால் நின்று ஒரு ஸ்டீல் தட்டைக் கத்தரிக்கோலால் அடித்தார். நான் திடுக்கிட்டேன், மாமா திடுக்கிட்டார், பக்கத்துக் கூண்டில் யாரோ கொண்டுவந்திருந்த கிளி படபடத்தது. பிரின்ஸ் சுவரில் போகிற பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது, இந்த ஜாதியில் சில குட்டிகளுக்கு இப்படி இருக்கும், மருந்து கிடையாது என்றார் டாக்டர்.

மத்தியானம் வீட்டில் பஞ்சாயத்து. மாமாவின் முகம் செத்துப்போயிருந்தது. விற்றவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, லாப்ரடார் குட்டியாக மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். திருடன் வந்தால்கூடத் தெரியாத நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வேலைக்கு ஆகாது என்றாள் அம்மா. என்னைக் கேட்டார்கள். ஏழு மாதம் மாடியில் நின்று கத்தியது, அத்தையின் சிரிப்பு, அந்தப் பொமரேனியன் எல்லாம் சேர்ந்துகொண்டு என் வாயில் வந்தது. மாற்றிவிடலாம், லாப்ரடாரே இருக்கட்டும் என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா கையை உதறினார். அவர் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

"வேலைக்காவாதுன்னு யாரு சொன்னது? கண்ணு கீது, மூக்கு கீது, நாலு காலு கீது. ஒரு காது போச்சுன்னா தூக்கிப் போட்டுடுவீங்களா?"

"ஒண்ணு இல்ல மாமா, ரெண்டு காதும்," என்று மாமா நைனாவிடம் மெதுவாகச் சொன்னார்.

நைனா தட்டைத் தள்ளி வைத்தார். அவர் முன்னால் போய் நின்று, முன்பே தெரியுமா என்று கேட்டேன். வந்த அன்றைக்கே தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா இப்டித்தான் பேசுவீங்கன்னு தெரியும்."

கையைக் கழுவிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். காது கேட்காத நாய்க்கு நான் ஏழு மாதம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததை வேடிக்கை பார்த்திருக்கிறார் என்பதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

பிரின்ஸ் எங்கேயும் போகவில்லை. பன்னிரண்டு வயதுவரை எங்களோடுதான் இருந்தான். கையசைவுகளை எல்லோரும் கற்றுக்கொண்டோம். அம்மாதான் அவனிடம் கையால் அதிகம் பேசியவள், பெரும்பாலும் திட்டுதான்.

நான் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நைனா கடலுக்குப் போவதை நிறுத்தினார். வலது காது மந்தமாகிவிட்டது என்று அவரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். இடது காதுக்கு என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். அது போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இன்ஜின் பக்கத்திலேயே நின்றதில் போனது என்று, பழைய சட்டை கிழிந்ததைச் சொல்வது போலச் சொன்னார். அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். படகு முதலாளிக்குத் தெரிந்தால் வேறு டிரைவரைப் போட்டுவிடுவார் என்று யாரிடமும் மூச்சு விடவில்லையாம். எங்களிடமும்.

இதெல்லாம் பிறகு. அந்த மத்தியானம் எனக்குப் பத்து வயது. அழுது முடித்த பிறகு, லாரி அடியில் கிடந்தவனை மாற்றிவிடலாம் என்று சொன்னது மனசைக் குடைந்தது. எழுந்து வாசலுக்குப் போனேன். நைனா படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரின்ஸ் அவர் பாதத்தில் தலையை வைத்திருந்தான். அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததால் பின்னால், இடது பக்கமாக நின்றுகொண்டேன்.

"நைனா, நான் சொன்னது தப்பு. பிரின்ஸ் இங்கியே இருக்கட்டும்."

அவர் திரும்பவில்லை. அதே சின்னக் குரலில் இன்னொரு தடவை சொன்னேன். நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னை மன்னிக்க அவருக்கு மனசில்லை என்று முடிவு செய்தேன். சரி, எனக்கும் ரோஷம் இருக்கிறது. உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினேன். தடை முடிந்து அவர் கடலுக்குக் கிளம்பும்வரை, அந்த மூன்று நாளும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டும் திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷனோடு என்ன பேச்சு?