ஃப்ளூரி மலைச்சரிவில் மூன்று பீப்பாய்கள்

1986 சனவரி. காலை ஆறு மணி. பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் மெத்ரோ நிலையத்துப் படியேறும்போதே என் மூக்கு இன்னும் முகத்தில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்படியொரு குளிர்! புதுச்சேரியில் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லித்தருகிறவன் நான். மூன்று வார விடுமுறையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். கூட வந்தவர் பக்கத்து அறைக்காரர் அன்ரன், மன்னார்க்காரர், முப்பத்தைந்து வயது. நான்கு வருடமாக ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவுகிறார்.

"மாஸ்டர், ஒருக்கா என்னோடை வாங்கோ. என்ரை பிரெஞ்சு குசினிக்குள்ளை மட்டும்தான் ஓடும்" என்று முந்தின நாள் கேட்டிருந்தார். போன செப்டம்பரில் போஜொலே என்னும் ஒயின் பகுதியில், மதாம் ஒதீல் என்பவரின் குடும்பத் தோட்டத்தில் திராட்சை பறிக்கப் போயிருக்கிறார். கொடி வெட்டவும் பீப்பாய்களைக் கவனிக்கவும் நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும், சனவரியில் வா, பேசுவோம் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் தங்க அறை உண்டு, தலைக்கு மேலே வானம் உண்டு. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் நிலவறைதான். ஒயின் என்றதும் நான் உடனே தலையாட்டினேன். புதுச்சேரிக்காரனைப் பற்றி ஊர் சொல்வதெல்லாம் முழுப்பொய் இல்லை.

நசியோனில் மெத்ரோ மாறி, கார் தெ லியோன் நிலையத்தில் ஏழு மணி ரயிலைப் பிடித்தோம். இரண்டாம் வகுப்பு, ஒரு வழிக்கு ஏறக்குறைய நூற்றெண்பது பிராங்க். ரயிலா அது! நானூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டது. காப்பிக் கோப்பையில் ஓர் அசைவு கூட இல்லை. நான் வாய்பிளந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க, அன்ரன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாக்கோனில் மதாமே வண்டியோடு நின்றார். அறுபது வயதிருக்கும். ஆண்களின் பூட்ஸ், உரத்த குரல். ஃப்ளூரி கிராமத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர். இலையுதிர்ந்த கொடிகள் மலைச்சரிவெங்கும் கறுப்பு முடிச்சுகளாக நின்றன. மேலே வெள்ளைப் பனி. இதிலிருந்தா பழம் வரும் என்று நான் நம்பவில்லை.

பத்து மணிக்கு நிலவறை போன்ற ஒரு கல் கூடத்தில் இறங்கினோம். மதாம் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு எடுத்து, ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார். கறுப்புத் திராட்சையின் ஒயின், ஆனால் நிறமோ மெல்லிய சிவப்பு. கோப்பைக்குப் பின்னால் பிடித்த என் விரல் தெரிந்தது. ஒரு மிடறு குடித்தேன். தொண்டையைச் சுடவில்லை. நாக்கில் லேசாகக் குறுகுறுத்தது. நசுக்கிய பழத்தின் வாசனை மூக்குவரை ஏறி அங்கேயே நின்றது. "அடடா!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் ஒயின் என்று நான் குடித்ததெல்லாம் என்ன கருமமோ! ருசி பார்த்துவிட்டு வாளியில் துப்ப வேண்டுமாம். பெரிய மனுஷி கையால் தந்ததை எப்படித் துப்புவது? விழுங்கிவிட்டேன்.

"ஒயின் கெடாமலிருக்க நான் கந்தகத்தூள் போடுவதில்லை, நுரைத்துப் புளிக்கக் கடையில் விற்கும் ஈஸ்டும் போடுவதில்லை. பழத்தோடு வருவதே போதும். அக்கம்பக்கத்தார் என்னைப் பைத்தியம் என்கிறார்கள்" என்றார் மதாம். பிறகு அன்ரனைப் பார்த்து, "உன் நாட்டில் என்ன வேலை செய்தாய்?" என்று கேட்டார்.

அன்ரன் என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், "கள்ளுச் சீவினனான்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. லா சப்பலில் நம்மவர்கள் இதே கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் அவர் "சும்மா இருந்தனான்" என்று சொல்லி எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பனையேறுகிறவர் என்று தெரிந்தால் உட்காரும் இடம் மாறிவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்லது செய்வதாக நினைத்து, "விவசாயியாக இருந்தார்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

"விவசாயி எண்டோ சொன்னியள்? அந்தச் சொல்லு எனக்குத் தெரியும் மாஸ்டர்." அன்ரன் கோப்பையைக் கீழே வைத்தார். "மறைக்காதேங்கோ. மரத்திலை ஏறினனான், பாளை சீவினனான். கருப்பணிக்கு, அதுதான் உங்கடை பதநீருக்கு, முட்டிப் பானையிலை சுண்ணாம்பு தடவுவம், புளிக்காது. கள்ளுக்கு ஒண்டும் போடுறேல்லை, அது தானா நுரைக்கும். இந்த அம்மா செய்யிறதும் அதுதான். சொல்லுங்கோ."

காது சுட்டது. சொன்னேன், ஒரு சொல் விடாமல். மதாமின் பார்வை என்னைவிட்டு அவரிடம் போனது, பிறகு திரும்பவே இல்லை. இரண்டாவது பீப்பாயிலிருந்து அவருக்கு முதலில் ஊற்றினார். மூன்றாவதை ஊற்றிவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். அன்ரன் மோந்து பார்த்தார், வாயில் வைத்தார், துப்பினார்.

"இது புளிப்புப் பக்கம் திரும்புது. இண்டைக்கே பாக்கவேணும்."

வேலை கேட்டு வந்த வீட்டில் சொல்கிற பேச்சா இது! இருந்தாலும் அப்படியே மொழிபெயர்த்தேன். மதாம் ஒரு மிடறு எடுத்தார். நெடுநேரம் வாயில் வைத்திருந்து துப்பினார்.

"ஞாயிற்றுக்கிழமையே என் மூக்கு சொன்னது. நம்ப மனமில்லை" என்றார். பிறகு ஆணியில் தொங்கிய கொடிவெட்டும் கத்தரியை எடுத்து அன்ரன் கையில் கொடுத்தார்.

மதியம் மேசையில் சூப்பும் ரொட்டியும். நல்ல பீப்பாயின் ஒயினை மதாம் முதலில் அன்ரனுக்கு ஊற்றினார், அப்புறம்தான் எனக்கு. நான்கரைக்கு நான் மட்டும் கிளம்பினேன்.

"லா சப்பலில் கேட்டால் என்ன சொல்ல?" என்றேன்.

"உள்ளதைச் சொல்லுங்கோ. இனி எனக்கென்ன!" என்று சிரித்தார். பல வருடப் பழக்கம் போல என் தோளைத் தட்டியும் விட்டார்.

ரயில் வேகமெடுத்தபோது ஊர் நினைவு வந்தது. எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் ஆப்பம். மாவைப் புளிக்க வைக்க, சனிக்கிழமை விடியலில் ஒருவர் பின்வாசலில் கள் கொண்டுவந்து வைப்பார். இருபது வருடமாக வருகிறார். அவரை நான் உள்ளே வா என்றதில்லை. அவர் பெயரும் எனக்குத் தெரியாது.