பதினேழாம் எண் முத்திரை

மனைவியின் வெள்ளைக் கோட்டுக்குத் தையல்காரர்தான் இஸ்திரி போடுவார். பத்தொன்பது வருடமாக வேறு யார் கையிலும் அதை விட்டதில்லை. காலர் மடங்கியிருந்தால் ஊரார் தன் தொழிலைத்தான் பழிப்பார்கள் என்பது வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருப்பது பெருமை.

அவளுக்கு அணு நிலையத்துக் கிடங்கில் வேலை. குண்டு செய்ய உதவும் சரக்கை இனித் தொடுவதில்லை என்று நாடு ஒரு வல்லரசோடு ஒப்பந்தம் போட்டபோது, வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து இருபத்துமூன்று கதவுகளின் தாழ்ப்பாளிலும் மெல்லிய கம்பி கோர்த்து, எண் பொறித்த உலோக வில்லையால் முத்திரை வைத்துப் போனார்கள். நாடு கொடுத்த வாக்குக்கு அந்தக் கம்பிதான் சாட்சி. இயந்திரங்கள் நின்றன. முந்நூறு பேர் வீட்டுக்குப் போனார்கள். முத்திரைகளைப் பார்த்துக்கொள்ள அவளை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

தினமும் காலையில் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தடவிப் பார்த்து, எண்ணை உரக்கப் படித்துப் பதிவேட்டில் எழுதுவாள். "கண்ணு பழகிப்போய் ஏமாத்திடும், விரல் ஏமாத்தாது" என்பாள்.

"பூட்டுக்குத் தாலாட்டுப் பாடற உத்தியோகமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "அது தூங்கினாத்தான் நாம தூங்கலாம்" என்றாள்.

நடுவில் ஒருமுறை அந்த வல்லரசு ஒப்பந்தத்தை ஒரே நாளில் உதறிவிட்டுப் போயிற்று. மறுபடி கையெழுத்தாக மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும், கேட்பாரில்லாமல், அவள் தடவினாள், எழுதினாள். திரும்பி வந்த ஆய்வாளர்கள் முதலில் கேட்டது அந்தப் பதிவேடுகளைத்தான். தையல்காரர் அதைக் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லித் தீர்த்தார்.

இன்று பத்து மணிக்கு ஆய்வாளர்கள் வருகிறார்கள். எட்டு மணிக்கே நிலைய மேலாளர் வீடு தேடி வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். வெளியாட்கள் வருகிறார்களே, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னவர் அவர்தான். பெயின்டர் நல்ல வேலைக்காரர். பதினேழாம் கதவில் வில்லைமேல் சொட்டு விழக்கூடாதென்று கம்பியை நறுக்கிக் கழற்றி, வேலை முடிந்ததும் நறுவிசாக முறுக்கி மாட்டிவிட்டார். அன்று அவளுக்கு லீவு. மறுநாள் தடவிப் பார்த்தபோது நறுக்கிய கம்பிமுனை விரலில் முள்ளாய்க் குத்தியது. முத்திரை அறுந்திருக்கிறது என்று நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதிவிட்டாள்.

"ஒரே ஒரு பக்கம்மா. கிழிச்சிட்டுப் புதுசா எழுதினா முடிஞ்சுபோச்சு" என்றார் மேலாளர்.

"பெயின்டர் கழட்டினாருன்னே சொல்லுவோம் சார். உள்ளதுதானே?"

"யாரு நம்புவா? இந்த ஒப்பந்தமே வேணாம்னு அவங்க நாட்டுல ஒரு கூட்டம் வெறும் வாய மென்னுட்டு இருக்கு. நாமளே அவல் கொண்டுபோய்க் கொடுக்கணுமா?"

தையல்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பிரிஞ்ச தையல ஒட்டி வச்சு அனுப்பினா, நடுத்தெருவுல பிரியும் சார்."

"இது கால்சட்டை இல்லய்யா, நாடு!"

"நாடுன்னா இன்னும்ல மானம் போகும்?"

மேலாளர் முறைத்தார். தையல்காரர் சூடு ஆறாத கோட்டை மனைவியிடம் நீட்டினார். அவள் போட்டுக்கொண்டே பேசினாள்.

"எழுதினா சந்தேகப்படுவாங்க சார். சந்தேகத்துக்குப் பதில் சொல்லிடலாம். பக்கத்தக் கிழிச்சா, நான் எழுதின பத்தொன்பது வருஷமும் பொய்யாயிடும். அதுக்கப்புறம் நாம உண்மையே சொன்னாலும் எவன் கேப்பான்?"

குரல் உயரவில்லை. ஆனால் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டு, கழற்றி மறுபடி போட்டதைத் தையல்காரர் பார்த்தார். பயந்துகொண்டே நிமிர்ந்து நிற்கிறாள். இவளுக்கா மாலை போட்டோம் என்று அவருக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

மேலாளர் எழுந்தார். அவர் கெட்டவரில்லை. கண்ணில் தூக்கமில்லை.

"சரிம்மா. நீங்க சொல்றது நியாயம். இதையே சாக்கா வச்சு அவங்க மறுபடி எழுந்து போயிட்டா? நம்ம ஆளுங்களும் ரோஷத்துல அந்தக் கதவெல்லாம் திறந்துட்டா? அன்னிக்கு யாரு பொறுப்பு? நீங்களா?"

அவள் கணவரைப் பார்த்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மேலாளரைத் தாண்டி, வாசலில் செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு, பதிவேட்டை இருந்தபடியே ஆய்வாளர்களிடம் காட்ட நிலையத்துக்குப் புறப்பட்டாள்.