மத்தியானத்து மாமன்

பஸ் ஓட்டுகிற அவருக்கு டிப்போவில் ஒத்தைக்கட்டை என்று பெயர். கல்யாணம் கூடிவரவில்லை. அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆளும் இல்லை. ஆனால் பிள்ளைகுட்டி இல்லாதவர்களுக்கு வரியைக் கூட்டி, பெற்றவர்களுக்குக் குறைப்பதென்று அரசாங்கம் சட்டம் போட்டதும் அவருக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. பஸ்ஸில் எந்தக் குழந்தை வீறிட்டாலும், "அழட்டும் விடுங்கம்மா, என் சம்பளத்துல வளர்ற புள்ளைதானே" என்பார். தாய்மார்களும் சிரித்துவிடுவார்கள்.

அவர் வீட்டுக்கு அடுத்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தங்கை குடியிருந்தாள். திரைச்சீலை தைக்கும் கூடத்தில் பகல் வேலை. அவள் புருஷனுக்கு ரொட்டி சுடும் இடத்தில் இரவு வேலை. ஒரே மகள், பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். இன்னொன்று வேண்டுமென்று இரண்டு பேருக்கும் கொள்ளை ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாடியேறியபோது, மகள் படுத்து வளர்ந்த சின்னக் கட்டில் வாசலுக்கு வெளியே நின்றது. தங்கை அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு இது?"

"கீழ் வீட்டுக்காரி கேட்டா. குடுத்துடலாம்னு இருக்கேண்ணே."

"இன்னொண்ணு வேணும்னு சொன்னியே?"

"கூட்டிக் கழிச்சுப் பார்த்தாச்சு. வரியில இவருக்குக் குறையிற காசு, குழந்தைங்க காப்பகத்துக்கு ஒரு வாரம்கூடக் காணாது. நான் வேலையை விட்டா வாடகை கையைக் கடிக்கும்."

முகத்தைத் தூக்காமல், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்து நின்றார். "காலையில நான் பார்த்துக்குவேன் மச்சான். மத்தியானம் ஆனா கண்ணு சொருகிடும். பெரியவ நடை பழகினப்போ அப்படித்தான் ஒரு நாள் அசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா சன்னலைப் புடிச்சு ஏறிட்டிருக்கா."

அண்ணன் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார். "அந்தப் பக்கம் புடி. உள்ள போட்டுடுவோம்."

"ஏண்ணே?"

"நான் காலை வண்டிக்கு மாத்திக்கிறேன். மத்தியானத்தோட இறங்கிடுவேன்."

"ராத்திரி வண்டிக்குத்தானே படி ஜாஸ்தி?"

"ஜாஸ்தி வாங்கி யாருக்கு சேர்த்து வைக்கப் போறேன்?"

"உனக்குக் குழந்தையைத் தூக்கவே தெரியாதே."

"ஒரு வண்டி ஜனத்தை ஏத்திட்டுப் போறவன், ஒண்ணை மடியில உக்கார வைக்க மாட்டேனா?"

மாப்பிள்ளை சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. "ரெண்டு மாசம் பார்த்துட்டு நீ நழுவிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"டிப்போவுக்கே வந்து சட்டையைப் புடிச்சு இழுத்துட்டு வா."

அவள் எழுந்து வந்து கட்டிலின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

டிப்போ மேலாளருக்கு ஆச்சரியம். விடியுமுன் கிளம்பும் வண்டி என்றால் எல்லாரும் ஓடி ஒளிவார்கள். இவர் கேட்டு வாங்குகிறார். "காலை வண்டியெல்லாம் புள்ளைக்காரங்க கேக்கறது. உமக்கு ஏதுய்யா புள்ளை?"

"வருது."

அடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்து தங்கை வேலைக்குத் திரும்பிய அன்று, மாமன் டிப்போவிலிருந்து நேராக வந்து கை கால் கழுவிக்கொண்டு குழந்தையை வாங்கினார். மாப்பிள்ளை படுத்த சுருக்கில் குறட்டை விட்டார். குழந்தை ஓவென்று அழ ஆரம்பித்தது. தட்டினார், தோளில் போட்டு நடந்தார், பல்லைக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. தளர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தவர், என்ன தோன்றியதோ, நின்றபடி உறுமும் பழைய பஸ் மாதிரி அடித்தொண்டையில் மெல்ல முனகினார். குழந்தை வாயைத் திறந்தபடி அவரையே பார்த்தது. பிறகு தூங்கியது. நிறுத்தினால் சிணுங்கியது. அதனால் அவர் நிறுத்தவில்லை.

சாயங்காலம் கதவைத் திறந்த தங்கை அப்படியே நின்றாள். "என்னண்ணே சத்தம் இது?"

"மெதுவாப் பேசு. இறங்க வேண்டிய ஆளு இன்னும் எந்திரிக்கல."