காரமில்லாத சிவப்பு

இன்று என் வீட்டு அடுப்புத் தீயில் நீளமான இனிப்பு மிளகாயைச் சுட்டபோது, தோல் கருகும் அந்த வாசனை என்னை ஓசூரில் அம்மா வேலை பார்த்த பாலிஹவுஸ் என்னும் பசுமைக்குடிலுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். அன்று பள்ளி விட்டதும் நான் போய்ச் சேரும் இடம் அதுதான். பால்போல் வெளிச்சம் இறங்கும் பிளாஸ்டிக் கூரை, சொட்டுநீர் விழுந்த மண்ணின் வாடை, கயிறு பிடித்து ஏறிய செடிகளில் தொங்கும் இதே இத்தாலி இனிப்பு மிளகாய்கள், அவற்றுக்கு நடுவே கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசிச் சிரிக்கும் அம்மா.

கம்பெனி ஷிப்டில் மாறி மாறி ஓடிய அப்பாவுக்கு அப்போது வயிற்றுப்புண். காரம் தின்றே வளர்ந்த விருதுநகர்ப் பக்கத்துக்காரரை மிளகாயே தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தயிர்ச்சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனார்.

கோணலாய்க் காய்த்ததால் பாலிஹவுசில் கழித்துக் கொடுத்த மிளகாய்களை அம்மா ஒருநாள் கொண்டுவந்து, சுட்டுத் தோலுரித்து, வெங்காயத்தோடு வதக்கி அரைத்தாள். தோசைக்குப் பக்கத்தில் செக்கச்செவேலென்ற சட்னியைக் கண்டதும் அப்பா தட்டைத் தள்ளினார்.

"என்னைய கொல்லப் பாக்கியா?"

"பொட்டுக் காரம் கிடையாதுங்க. பாருங்க," என்று அம்மா அதில் கொஞ்சம் எடுத்து என் வாயில் வைத்தாள்.

நான் சப்புக்கொட்டிய பிறகுதான் அவர் தோசையைத் தொட்டார். பிறகு இன்னொன்று கேட்டார், அப்புறம் இன்னொன்று.

"காரம் சுருக்குன்னு இருக்கு பாப்பா," என்று என்னிடம் சொல்லி, வேண்டுமென்றே மூக்கை உறிஞ்சினார்.

அம்மா சிரிக்காமல் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.