பூதத்துக்குப் போன மந்திரம்

அமெரிக்காவின் டுலூத் நகரத்து லோர்ன் ஹாஸ்கெட், ஆன்லைன் சண்டை விளையாட்டில் பதினான்கு வருடமாக நண்பர்கள் மார்வின், டுவைட் இருவருக்கும் காயம் ஆற்றும் வைத்தியர். அந்த விளையாட்டை அதன் நிறுவனம் நிறுத்திவிட்டதால் மூவரும் புதிய ஒன்றுக்கு மாறினார்கள். பழையதில் ஒரு பொத்தானைத் தட்டினால் காயம் ஆறிவிடும். இதில் அடிபட்டவரைக் குறிபார்த்து மவுஸை அழுத்த வேண்டும். பார்க்கின்சன் நடுக்க நோய் வந்த லோர்னின் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. காயம் ஆற்றும் மந்திரம், அவர்கள் சண்டை போட்ட பூதத்தின்மேல் விழுந்து, அதன் காயம் ஆறியது.

"யோவ், பூதம் என்ன உன் மச்சானா? இப்படி விழுந்து விழுந்து கவனிக்கற!" என்று ஹெட்போனில் மார்வின் சிரித்தார். மூன்றாவது தடவையும் அதே நடந்து எல்லாரும் செத்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"பரவால்லப்பா, நீ சும்மா பின்னாடி நின்னு பேசிக்கிட்டிரு, அது போதும்" என்றார் டுவைட்.

"சரிடா" என்றார் லோர்ன்.

ஐந்து நிமிடத்தில் விளையாட்டில் அவர்கள் மூவர் குழுவின் பெயருக்குக் கீழே, 'வைத்தியர் தேவை' என்ற அறிவிப்பு லோர்னின் திரையிலும் வந்தது.